பல்பில் நெருப்பு இல்லை என்று நான் சொன்னேன்

எரியாத ஒன்று இன்னொன்றை எப்படி எரிக்கும்? ஐம்பதுகளின் பிற்பகுதியில், இலங்கையின் ஹட்டனுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில், விசாரணை மேசைக்கு முன்னால் நின்றபோது இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. வகுப்பறையில் யாராவது கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன். அங்கே மகிழ்வதற்கு இடமில்லை. என் விடையைப் பொறுத்து ஒரு பெண்ணின் வேலை இருந்தது. வேலை போனால் அவர் குடும்பத்தோடு வசித்த லயத்துக் காம்பராவும், அதாவது வரிசை வீட்டின் அந்த ஓர் அறையும், போகும். அவருடைய கணவர் நெஞ்சு நோயால் இரண்டு ஆண்டுகளாக வேலைக்குப் போகாதவர். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் அந்த வீட்டின் சார்பில் இருந்தது அந்தப் பெண்ணின் பெயர் ஒன்றுதான்.

நான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றுத் திரும்பி, நகரத்துப் பாடசாலையில் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு இந்தத் தோட்டத்தில் தாய்மார் குழந்தைகளை விட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்காம்பராவில், தொட்டில் சேலைகளை ஒரு பக்கம் சுருட்டிக் கட்டிவிட்டு, பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடத்தினேன். குடியுரிமை விண்ணப்பங்களில் எல்லாரும் பெருவிரலை ஒற்றிக்கொண்டிருந்த காலம் அது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் விரல் வைப்பதன் விளைவை நாங்கள் ஏற்கனவே கண்டிருந்தோம். தம் பெயரையாவது அவர்கள் எழுத வேண்டும் என்பதே என் நோக்கம். எழுத்து அரை மணி நேரத்தில் சலித்துவிடும். மீதி நேரம் அவர்கள் கேட்பார்கள், நான் சொல்வேன்.

லயங்களுக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட லாம்புதான். தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவிலும், அலுவலகத்திலும், தோட்டத்தார் ‘ஸ்டோரு’ என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையிலும் மட்டும் பல்புகள் இருந்தன. மலையிலிருந்து குழாய் வழியாக இறங்கும் ஓடைத் தண்ணீர் ஸ்டோரின் பின்னால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி அவற்றுக்கு மின்சாரம் கொடுத்தது. ஸ்டோரில் வேலை செய்த பெண்களுக்குப் பல்பின் மீது பயம் இருந்தது. அது ஒரு நாள் வெடித்துத் தலையில் நெருப்பைக் கொட்டும் என்று சிலர் உறுதியாக நம்பினார்கள். பல்புக்குக் கீழே வரும்போது முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். பயத்தை நீக்குவது என் கடமை என்று எண்ணினேன். ஒரு ஞாயிறு, பாடசாலையிலிருந்து செத்துப்போன பல்பு ஒன்றை எடுத்துச் சென்றேன்.

அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் நான் மேலே சொன்ன பெண். ஏறத்தாழ முப்பத்தைந்து வயது இருக்கும். கேள்வி கேட்பதில் அவரை மிஞ்ச அந்த வகுப்பில் ஆள் இல்லை.

“ஏங்க மாஸ்டர், வெளக்குன்னா எண்ணெ கொறயணும், திரி கருகணும். இதுல என்னாங்க கொறயுது?”

“நம்ம கண்ணுதான் கொறயுது,” என்றார் பின்னாலிருந்த ஒருவர். சிரிப்பு எழுந்தது.

“இதுல எதுவும் கொறயலம்மா, எதுவும் எரியல,” என்றேன். “கண்ணாடிக்குள்ள காத்து கெடையாது. காத்து இல்லாத எடத்துல நெருப்பு இருக்க முடியாது. கம்பி சூடாகி வெளிச்சம் குடுக்குது, அவ்வளவுதான். நெருப்பே இல்ல.”

பிறகு ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அதன்மேல் கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினேன். சுடர் சுருங்கிச் செத்தது. எல்லாரும் பார்த்தார்கள். அந்தச் சோதனை நன்றாகவே அமைந்தது. அதில்தான் பிழை என்று பின்னர் எனக்குத் தோன்றியது. சுடர் செத்ததைக் கண்ணால் கண்டவர்கள் ‘நெருப்பே இல்ல’ என்ற சொல்லை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். ‘சூடாகி’ என்று நான் போகிற போக்கில் சொன்னது அங்கேயே கிடந்தது.

அதற்குச் சில வாரங்களுக்குப் பின், பிரசவத்துக்குப் போன ஒருத்திக்குப் பதிலாக அந்தப் பெண்ணை மலையிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை. அங்கே சணல் துணியைத் தட்டுத் தட்டாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். பச்சைக் கொழுந்தை அதில் மெல்லிதாகப் பரப்பி வாடவிட வேண்டும். மழைக்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னல்களை அடைத்துவிடும், பல்புகளைப் போடுவார்கள். பெண்கள் மழையில் நனைந்து வருவார்கள். தலையில் மடித்துப் போட்டு வரும் சாக்கு சொட்டச் சொட்ட இருக்கும். அதைக் காயப்போட இடம் கிடையாது. திரும்பும்போதும் மழைதான் என்பதால் காயவைக்காமல் இருக்கவும் முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், மேல்மாடியின் கடைசி வரிசையில் ஒரு சாக்கும் அதையொட்டிய சணல் தட்டின் ஒரு பகுதியும் கருகின. உடனே தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் தேயிலை மணத்தை ஈர்க்கும் பொருள். அன்றைய கொழுந்தில் கருகிய சாக்கின் வாடை ஏறிவிட்டது என்று டீமேக்கர் அவ்வளவையும் கொட்டச் சொன்னார். டீமேக்கர் என்பவர் ஸ்டோரின் பொறுப்பாளர். கொழுந்து தேயிலையாகும் ஒவ்வொரு படிக்கும் துரையிடம் பதில் சொல்ல வேண்டியவர். அந்தப் பெண் தணல் கொண்டுபோனதுதான் காரணம் என்று அவர் எழுதிக்கொடுத்தார்.

இந்தக் குற்றச்சாட்டு வானத்திலிருந்து விழுந்ததல்ல. கீழே தேயிலை காயவைக்கும் அடுப்படியில் விறகுக்காரரிடம் கெஞ்சி, பழைய பால்மாவு டின்னில் இரண்டு அகப்பை தணலை வாங்கி மேலே ஒளித்துக் கொண்டுபோவது குளிர்காலத்தில் எல்லாரும் செய்து வந்த காரியம். கை காய்ச்சுவார்கள், சாக்கையும் காட்டுவார்கள். கண்டால் வேலை போகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பிள்ளைக்காம்பராவில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் அந்தப் பெண்ணும் வாசலில் நின்றார்கள். மற்றவர்கள் சற்றுத் தள்ளி.

“மாஸ்டர், ஒரு சிக்கலு,” என்றார் தலைவர். “நாளைக்கு ஆபீசுல விசாரண. இந்தப் புள்ள பல்பு மேலதான் சாக்கப் போட்டேங்குது. டீமேக்கரு, பல்புல நெருப்பு இல்லைன்னு மாஸ்டரே சொல்லிக் குடுத்திருக்காரேங்குறாரு. ஒங்களயும் கூப்புடுவாங்க. நான் அப்புடி ஒண்ணும் சொல்லவே இல்லைன்னு முடிச்சிருங்க. ஒங்களுக்கும் நல்லது, சங்கத்துக்கும் நல்லது.”

“அப்ப நான்தான் பொய்க்காரியா தலைவரே?” என்றார் அந்தப் பெண்.

“நீ கொஞ்ச நேரம் சும்மா இரு புள்ள.”

“சும்மா இருந்தா காம்பரா போயிரும். நீங்க வந்து கூர போட்டுத் தருவீங்களா?”

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இருந்தது. ஆனால் அதைவிட, புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ள முயலும் பிடிவாதம் அதிகம்.

“சூடு இருக்குன்னு எனக்குத் தெரியும்ங்க மாஸ்டர். சூடு இருக்குன்னுதான போட்டேன். தணல் டின்னு தப்பு, புடிபட்டா பத்துச்சீட்டு குடுத்து வெரட்டிருவாங்க, அதுல நெருப்பு வேற. இதுல நெருப்பு இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க? நெருப்பு இல்லாதது எப்புடிங்க புடிக்கும்?”

அதை நான் எதிர்பார்க்கவில்லை. விதியை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், விதிக்குக் கட்டுப்பட்டே அந்தச் செயலைச் செய்திருந்தார். தணலை விட்டுப் பல்பைத் தேர்ந்தது அவருடைய அறியாமையால் அல்ல. என் பாடத்தை அவர் ஒழுங்காகக் கேட்டதனால்.

அன்று நகரத்துக்கு நடந்து திரும்பும்போது என்முன் இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தேன். சொல்லவில்லை என்று சொன்னால் நான் தப்புவேன், அவர் பொய்யராவார். சொன்னேன், சொன்னது சரி என்று மட்டும் சொன்னால் டீமேக்கரின் அறிக்கை நிலைக்கும். சொன்னேன், சொன்னது தவறு என்றால் அவர் காப்பாற்றப்படலாம். ஆனால் சொன்னது தவறல்ல. அது பாதி. பாதியை எப்படி விசாரணை மேசையில் வைப்பது என்பதுதான் என் பிரச்சினை. என் விடை எதுவானாலும் வகுப்பைத் தொடர விடமாட்டார்கள் என்பது எனக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருந்தது. அதைத் தனியே ஒதுக்கி வைத்தேன்.

திங்கட்கிழமை பாடசாலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். துரை ஆங்கிலேயர். தோட்டத்துத் தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். எல்லாரையும் ‘நீ’ என்பார். விசாரணையை ஆங்கிலத்தில் தொடங்கினார். அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, “சரி, தமிழ்ல பேசு,” என்றார்.

டீமேக்கர் அடக்கமாகத்தான் பேசினார். “பல்புல நெருப்பே இல்லைன்னு இந்த மாஸ்டர் பாடம் நடத்தியிருக்காருங்க தொரை. பட்டம் வாங்குனவரு. அவரு சொன்னத நான் எப்புடி மறுக்குறது?”

“மாஸ்டர், நீ சொன்னதா?”

“சொன்னேன்.”

“இப்ப என்ன சொல்றது? நெருப்பு இருக்கா, இல்லையா?”

“இல்லை.”

“அப்ப எரியாத சாமான் சாக்க எப்புடி எரிச்சது?”

வாயால் விளக்கினால் யாரும் நம்பப் போவதில்லை. காட்டுவதற்கு அனுமதி கேட்டேன். ஸ்டோரின் கீழ்த்தளத்தில், சக்கரம் சுழலும் அறையின் சீமெந்துத் தரை தெரிவானது. டீமேக்கரே ஒரு நீள வயர் லாம்பைக் கொண்டுவந்தார். மேல்மாடியில் போடும் அதே வகைப் பல்பை மாட்டினார். நான் ஒரு சாக்குத் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பல்பின்மேல் இரண்டாக மடித்துப் போட்டேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தோம்.

காத்திருப்பது சங்கடமாக இருந்தது. துரை பழக்கத்தில் பைப்பை வாயில் வைத்தார். சுவரில் புகைக்கத் தடை என்று அவருடைய கையெழுத்துடன் ஒட்டியிருந்த தாளைக் கண்டு திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். தலைவர் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார். சாக்கிலிருந்து ஆவி கிளம்பியது.

“அன்னைக்கும் இப்புடித்தாங்க ஆவி வந்திச்சி,” என்றார் அந்தப் பெண். “நல்லாக் காயுதுன்னுட்டு நான் அடுத்த தட்டுக்குப் போயிட்டேன்.”

ஆவி நின்றது. அதன் பின்பும் வெகுநேரம் எதுவும் நிகழவில்லை. டீமேக்கரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பிறகு சாக்கின் நடுவில் தேநீர் சிந்தினாற்போல ஒரு பழுப்பு படர்ந்தது. பழுப்பு கருத்தது. கசப்பான புகை வந்தது. வயர் லாம்பைத் தூக்கிச் சாக்கை விலக்கியபோது, காற்றுப் பட்டதும் கருகிய ஓரத்தில் சிவப்பாகக் கனல் ஓடியது. அதை வாளியில் போட்டேன்.

“அப்ப உள்ள நெருப்பு இருக்குன்னுதான அர்த்தம்!” என்றார் டீமேக்கர். “மாஸ்டர் சொல்லிக் குடுத்ததே பொய்யி.”

அந்த இடத்தில் ‘ஆம்’ என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். குற்றம் என் தலையில் விழ, அந்தப் பெண் வீட்டுக்குப் போயிருப்பார். அதைச் சொல்ல வாயெடுத்தேன் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஒரு பிழையான நம்பிக்கையைத் திருத்த இன்னொரு பிழையான நம்பிக்கையைக் கொடுப்பது அவருக்குச் செய்யும் நன்மையாக எனக்குப் படவில்லை. பல்புக்குள் நெருப்பு இருக்கிறது என்று அவர் நம்பினால், மறுபடி தணல் டின்னுக்கும் பல்புக்கும் வித்தியாசம் இல்லை என்றாகும்.

துரையிடம் ஒரு புதிய பல்பு கேட்டேன். உடைப்பதற்கா என்று கேட்டார், ஆம் என்றேன். அதை ஈரத் துணியில் சுற்றி, ஓர் அரத்தால் ஓரத்தில் கீறித் தட்டினேன். விரல் நகமளவு சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளே மயிரிழை போன்ற கம்பி அறுபடாமல் இருந்ததை எல்லாருக்கும் காட்டினேன். பிறகு அதை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். கண் கூசும் ஒரு வெட்டு, வெள்ளைப் புகை, அவ்வளவுதான். கம்பி இருந்த இடத்தில் இரண்டு முனைகள் மட்டும் நின்றன.

“இதுதான் அந்தக் கம்பி எரியிறது,” என்றேன், அந்தப் பெண்ணைப் பார்த்து. “ஒரு நிமிசங்கூட நிக்கல. நல்ல பல்புல மட்டும் இது ஏன் மாசக்கணக்குல நிக்குது? உள்ள காத்து இல்ல. எதோடயும் சேராத ஒரு வாயுவ மட்டும் அடைச்சிருக்காங்க. கரண்டு அந்த மெல்லிசுக் கம்பிக்குள்ள நெருக்கிக்கிட்டுப் போறப்ப அது நம்ம அடுப்பவிட அதிகமாச் சூடாகுது. அடுப்புத் தணல் செவப்பு, இது வெள்ளையா போயிருது. எரிய வேண்டிய சூடு அதுக்கு இருக்கு. எரியிறதுக்குக் காத்துதான் இல்ல. ஆனா அந்தச் சூடு கண்ணாடியத் தாண்டி வெளிய வருது. வெளிய சாக்கும் இருக்கு, காத்தும் இருக்கு.”

அவர் உடைந்த பல்பை வாங்கிப் பார்த்தார். “அப்ப நெருப்புக்கு மூணு வேணும்,” என்றார் மெதுவாக. “சூடு, காத்து, புடிக்கிற சாமான். உள்ள ஒண்ணு இல்ல. வெளிய மூணும் இருந்திச்சி.”

நான் அதுவரை அவ்வளவு சுருக்கமாக அதைச் சொன்னதில்லை. டீமேக்கர் தரையில் வைத்திருந்த பழைய பல்பு ஒன்றை எடுத்து, அதன் கண்ணாடிக்குள் படிந்திருந்த கருமையைக் காட்டினேன். கம்பி அவ்வளவு சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி உள்ளே படிகிறது. மெலிந்து மெலிந்து ஒரு நாள் அறுந்துபோகிறது. எனவே எதுவும் குறையவில்லை என்று நான் சொன்னதும் முழு உண்மையல்ல என்று ஒப்புக்கொண்டேன்.

“நான் அன்னைக்கே கேட்டேன்ல?” என்றார் அவர்.

துரை மேல்மாடிக்கு ஏறினார். நாங்கள் பின்தொடர்ந்தோம். கருகிய வரிசைக்கு மேலே தொங்கிய பல்பை அண்ணாந்து பார்த்தார். கை எட்டும் உயரம். “கம்பிக் கூடு எங்க?” என்று கேட்டார்.

டீமேக்கர் உண்மையைச் சொன்னார். கூட்டின் நிழல் கொழுந்தின்மேல் கோடுகோடாக விழுகிறது. வாட்டத்தின் நிறம் சரியாகத் தெரிவதில்லை. அதனால் கழற்றச் சொன்னேன் என்றார். அவரைக் கெட்டவராக நான் ஒருபோதும் எண்ணியதில்லை. கொழுந்து ஒரு மணி நேரம் கூடுதலாக வாடினாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவரும் பயத்தில்தான் எழுதிக்கொடுத்தார். ஆயினும் அந்தப் பயம் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது என்பதும் மாறாது.

“தொரைங்களே, ஒண்ணு கேக்கலாமுங்களா?” என்றார் அந்தப் பெண். தலைவர் கண்ணால் தடுத்தார். அந்தப் பெண் கவனிக்கவில்லை. “தணலும் ஆகாது, பல்பும் ஆகாது. சரிங்க. ஈரச் சாக்க எங்கதாங்க காயப்போடுறது?”

நான் முந்தைய நாளிலிருந்து பல்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. சங்கத்துக்கும் தோன்றவில்லை. துரை, காயவைக்கும் அடுப்பின் வெளிச்சுவர் சூடாகத்தானே இருக்கிறது என்று டீமேக்கரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இருக்கிறது என்றார் அவர்.

துரை தீர்ப்பை அங்கேயே சொன்னார். வேலைநீக்கப் பத்துச்சீட்டு இல்லை. அந்தப் பெண் மலை வேலைக்குத் திரும்ப வேண்டும். பிறகு என்னிடம், “மாஸ்டர், பாதிப் பாடம் ஆபத்து. இனி இந்தத் தோட்டத்துல பாடம் வேணாம்,” என்றார்.

தலைவர் இதை எதிர்த்து மனுக் கொடுப்போம் என்றார். நான் வேண்டாம் என்றேன். வேலை நீக்கம் இல்லை என்பது வாய்வார்த்தையாகத்தான் இருந்தது. கிளறினால் இரண்டையும் சேர்த்துக் கிளறுவார்கள். எழுத்து வகுப்பை இழந்தவர்கள் வேறு பலர் என்பதால் அந்த முடிவு சரியானதா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. அன்று ஒருவரின் காம்பராவை நான் பெரிதாக எண்ணினேன்.

அந்த வாரமே மேல்மாடியின் எல்லாப் பல்புகளுக்கும் கம்பிக் கூடு போட்டார்கள். அடுப்பின் வெளிச்சுவரோரம் மூங்கில் கட்டி, சாக்கு காயப்போட இடம் செய்தார்கள். தணல் டின் வழக்கம் தானாக நின்றுபோனது. பல்பைப் பற்றிப் பாடசாலையில் கற்பிக்கும்போது, சுடரைக் கோப்பையால் மூடுவதற்கு முன்பாக, ஒளிரும் பல்பின் அருகே எல்லாரையும் உள்ளங்கையைக் காட்டச் சொல்வேன். அந்தப் பெண் மலைக்குக் கொழுந்து பறிக்கத் திரும்பினார். அவர் பெயர் செக்ரோலில் இருந்தது, காம்பராவும் இருந்தது. என் ஞாயிறு வகுப்பு அந்தத் தோட்டத்தில் அதற்குப் பின் நடக்கவில்லை.